ஏழால் பெருக்கிய வயது

"எழுந்திருங்க, வாக்கிங் நேரமாச்சு" என்று மாமா தன் பொமரேனியன் முன்னால் கைகட்டாத குறையாக நின்ற காலைதான் இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது. முந்தின வாரம்வரை 'வாடா, போடா' என்று கூப்பிட்ட நாய்தான். நாயின் ஒரு வருடம் நமக்கு ஏழு வருடம் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வயது ஜிம்மிக்கு அறுபத்து மூன்று என்று கணக்குப் போட்டுவிட்டார். அவருக்கு அப்போதுதான் அறுபது. மூத்தவரை ஒருமையில் அழைப்பது அவர் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லையாம். பெரியவருக்குப் பல் தாங்காது என்று பால்சோறு. கால் தாங்காது என்று செம்பாக்கம் ஏரிக்கரைவரை தோளில் தூக்கிக்கொண்டு நடை. தெருவே சிரித்தது, நானும்தான்.

அத்தை போன பிறகு அந்த வீட்டில் அவர்கள் இருவர் மட்டுமே. மாமாவுக்கு ஏற்கெனவே இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஒருநாள் தடுப்பூசிக்காகத் தாம்பரத்தில் கால்நடை மருத்துவரிடம் போனோம். கணக்கைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். "ஏழால பெருக்கக் கூடாது சார். சின்ன ஜாதி நாய் முதல் ரெண்டு வருஷம் மடமடன்னு வளரும், அப்புறம் நிதானமாத்தான் வயசாகும். இவனுக்கு அம்பது, அம்பத்திரண்டுன்னு வெச்சுக்கங்க. இன்னும் அஞ்சாறு வருஷம் தாராளமா இருப்பான்."

நல்ல சேதிதானே என்று நான் திரும்பினால், மாமாவின் முகம் செத்துப்போயிருந்தது. ஆட்டோவில் ஏறியதும் ஜிம்மியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அப்ப எனக்கப்புறம் இவன யாரும்மா பாத்துப்பா?"

நாய் தனக்கு முன்னால் போய்விடும், கடைசிவரை தன் கையாலேயே பார்த்துவிடலாம் என்று இருந்திருக்கிறார் மனுஷன். நான் இருக்கிறேன் மாமா என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் பேச்சோடு விடுகிற ஆள் இல்லை. அடுத்த ஞாயிறே ஜிம்மியை முடிச்சூரில் என் வீட்டில் கொண்டுவந்து விட்டார். முதலில் ஒருநாள், பிறகு வாரக்கணக்கில். பார்க்க வருவார், உள்ளே வரமாட்டார். கொஞ்சினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று, அது தூங்கும் நேரமாகப் பார்த்து ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போய்விடுவார். இருக்கிற ஒரு துணையையும் இப்படித் தள்ளிவைப்பார்களா என்று அவரோடு சண்டைகூடப் போட்டேன். சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிடுவார்.

மறு வருடம் மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். அடக்கம் முடிந்து நான் வீடு திரும்பிய மாலை, ஜிம்மி வைத்த சோற்றைத் தின்றான். வாசல் பக்கம் திரும்பக்கூட இல்லாமல் என் காலடியில் சுருண்டு படுத்தான். பாவி, ஒரு தடவை அவரைத் தேடக் கூடாதா என்று அழுதேன். தேடக் கூடாது என்றுதானே அத்தனை மாதம் அவர் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.