ஏழு நிறக் குடை

உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்குச் சென்னையிலிருந்து ஏழு நிறக் குடை ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். நான் ஆண்களை நேசிப்பவன் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த நிறங்களை எங்கள் வீட்டில் ஒருத்தியாவது தலைக்கு மேல் பிடிக்கட்டும் என்றுதான் வாங்கினேன்.

அடுத்த முறை எங்கள் ஊர் மரக்காணத்துக்குப் போனபோது, குடை சாக்கில் சுற்றி ஆட்டுக்கொட்டகையில் கிடந்தது. அம்மா தலையில் ஈரத்துண்டோடு உப்பளத்திலிருந்து வந்தாள். முகம் வெயிலில் கன்றிப் போயிருந்தது.

"சர்ச்சுக்கு எடுத்துனு போனேன்டா. கர்த்தர் குடுத்த வானவில்ல அந்த மாதிரி ஆளுங்க திருடிக் கொடியாக்கிட்டாங்களாம். இந்தக் குடையப் பிடிக்கக் கூடாதுன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடு போன பொருள் கைக்குத் திரும்பி வந்தால் வைத்துக்கொள்ளத்தானே வேண்டும், பிடிக்கக் கூடாது என்பானேன்? பாஸ்டரிடமே கேட்டுவிடுவது என்று எழுந்தேன்.

"உக்காந்து சாப்பிடு," என்று அம்மா சோறு போட்டாள். "எல்லார் எதிர்லயும் அவருகிட்ட சொல்லிட்டேன். எம் புள்ள அந்த மாதிரி இல்ல, தெரியாம வாங்கிட்டான்னு. சரிதானடா?"

"ஆமாம்மா. தெரியாமத்தான் வாங்கிட்டேன்."

அம்மா நிம்மதியாக இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.