வால்வுக்கடைக்காரரின் காது

பென்சில் நுனியால் வால்வைத் தட்டிவிட்டு ஸ்பீக்கர் பக்கம் காதை நீட்டுவதுதான் என் தொழில். பழைய ரேடியோவுக்குள் செந்நிறமாகக் கனலுமே, அந்தக் கண்ணாடி வால்வுதான். இப்போது அது பாட்டைப் பெருக்கித் தருகிற விலை உயர்ந்த ப்ரீஆம்ப்ளிஃபயர்களில் குடியிருக்கிறது. பாட்டைவிடப் பாட்டுப்பெட்டியை அதிகம் கேட்கும் சக பைத்தியங்களே, உங்களுக்குத் தெரியாததா? வால்வு சரியில்லை என்றால் வீணைக்கு முன்னால் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரைச்சல் இல்லாத வால்வைக் காதாலேயே தேர்ந்தெடுத்துத் தருபவன் என்று ஓசூரில் எனக்கு ஒரு பெயர் உண்டு.

ஆனால் கடை வைப்பதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் வண்டிக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், இடி மாதிரிச் சத்தத்துக்கு நடுவே தகடு அடித்த காது இது. மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாக நழுவுவது எனக்கே தெரிந்தது. வெளியே தெரிந்தால் கடைக்குப் பூட்டுதான் என்ற பயம் எப்போதும் உண்டு.

எந்த வால்வு?

‘இங்கே வால்வு கிடைக்கும்’ என்று போர்டு எழுதியது என் தப்பு. வண்டிப் பாகங்கள் செய்கிற ஊரில் அந்த வார்த்தைக்கு ஆயிரம் அர்த்தம். இன்ஜின் வால்வு கேட்டு மெக்கானிக்குகள் வருவார்கள். ஒருநாள், மகள் வீட்டுக்கு வந்திருந்த கல்லாவிப் பக்கத்து விவசாயி ஒருவர் கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வு கேட்டு வந்தார். வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. உட்காரவைத்து, டீ சொல்லி, ஒரு பாட்டுப் போட்டேன். தலையாட்டி முழுசாகக் கேட்டார். பிறகு எழுந்து வந்து, கனலும் வால்வைக் குனிந்து பார்த்தார்.

“பாட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா இது தண்ணி தூக்காது, இல்லீங்களா?”

தாளிப்பு

கடைக்குப் பின்கட்டுதான் வீடு. ஒரு முற்பகலில் புதிதாக வந்த வால்வு ஒன்றைச் சூடேற்றி, பாட்டில்லாமல் வால்யூமை மட்டும் முழுசாகத் திருகிவிட்டுக் கேட்டேன். நிசப்தம். அப்படி ஒரு வால்வு வருஷத்துக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. பூரித்துப்போய் அட்டைப்பெட்டியில் ‘முதல் தரம்’ என்று எழுதினேன். என் மனைவி பத்மா கரண்டியோடு வந்து நின்றாள். அவள் தெலுங்குக்காரி. எரிச்சல் வந்தால் தாய்மொழியில்தான் கூப்பிடுவாள்.

“ஏமண்டி, அடுப்பை நான் எப்பவோ அணைச்சிட்டேன். இங்க யாரு இன்னும் தாளிக்கிறது?”

அளவுக்காரர்

‘முதல் தர’த்தை அடித்துவிட்டு, அன்றிலிருந்து பத்மாவைச் சமையலறைக் கதவோரம் நிற்கவைத்துத்தான் வால்வு தேர்ந்தெடுத்தேன். அவள் தலையாட்டினால் நல்ல வால்வு. முகம் சுளித்தால் தள்ளுபடி. இந்த ஏற்பாடு ரகசியமாக நன்றாகவே நடந்தது. அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து வந்து சேர்ந்தார், ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற திருநெல்வேலி இன்ஜினியர்.

எதை வாங்கலாம் என்று அவர் எடுத்துவைத்த இரண்டு வால்வையும் மீட்டரில் வைத்தோம். ஒரே அளவு. “அப்ப காதால சொல்லுங்க” என்று என்னைச் சுவர் பக்கம் திருப்பி உட்காரவைத்தார். ஒரு பாட்டு ஓடியது. அணைத்தார். பின்னால் ஏதோ உரசும் சத்தம். சூடேற ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி அதே பாட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு வெளுத்து வாங்கினேன். முதல் வால்வு வறட்சி, இரண்டாவதில் வயலினுக்கு ஈரம் வந்திருக்கிறது, பாடகி ஓரடி முன்னால் வந்து நிற்கிறார் என்றெல்லாம். அவர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

“அண்ணாச்சி, நான் வால்வை மாத்தவே இல்லியே.”

பட்டன்

அந்த அவமானத்தோடு காது பரிசோதனைக்குப் போனேன். கண்ணாடி அறை, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் சில தடவை அழுத்தினேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதாக்கும் என்று வெளியே இருந்த பெண்ணைப் பார்த்துக் கையசைத்தேன். அவர் உள்ளே வந்து ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார்.

“சார், சவுண்டு வந்துட்டேதான் இருந்துச்சு. நீங்கதான் அழுத்தல.”

ஜோடி

டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வருவதற்குள் ஒரு முடிவுக்கும் வந்தேன். இனி மறைப்பதில்லை, என்னை அதிகம் நம்புகிறவரிடம் முதலில் சொல்லிவிடுவது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர், மரியாதைக்கு ஒரு ‘ரீ’ சேர்த்தே பேசும் கன்னடக்காரர் அவர். பெங்களூரில் அத்தனை கடை இருக்க, என் காதுக்காகவே ஓசூர் வருகிறவர். அந்த வாரம் ஒரே அளவு தேய்ந்த இரண்டு பழைய வால்வு கேட்டு வந்தார். வலது ஸ்பீக்கருக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. ஒன்று அதிகம் தேய்ந்திருந்தால் பாட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நான் பெட்டியைத் திறக்கவில்லை. “ஐயா, கீச்சுன்னு வர்ற மேல் சத்தம் எதுவும் எனக்குக் கேக்கிறதில்ல. இனிமே என் பேச்சை நம்பி வாங்காதீங்க” என்றேன்.

அவர் காதிலிருந்த சின்ன மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இத்தனை வருஷத்தில் அதை நான் கவனித்ததே இல்லை. பாட்டுக் கேட்கும்போது அதைப் போட்டுக்கொள்வதில்லையாம்.

“நல்ல காதுக்காரங்க கொடுத்த வால்வு ஒண்ணும் எனக்குச் சரியா வரல ரீ. நீங்க நல்லாயிருக்குன்னு சொன்னதுதான் எனக்கும் நல்லாயிருந்துச்சு. பிரஸ்ஸும் தறியும் நம்ம ரெண்டு பேரையும் ஒரே அளவு தேய்ச்சிருக்கு, ஜோடி சரியாத்தான் இருக்கு.”

ஆக, எனக்குக் கேட்காததும் அவருக்குக் கேட்காததும் ஒன்றாக இருக்கிறவரைக்கும் இந்த எல்லைப்புறத்தில் சங்கீதத்துக்கு ஒரு குறையும் வராது.