கடிதத்தில் வெட்டிய பெயர்

மோட்டார் சைக்கிள் ஒன்று எங்கள் வேலிப் படலைக்கு முன்னால் நின்றால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். போர் முடிந்து இத்தனை வருடமாகிவிட்டது. நானும் நாற்பதைத் தாண்டி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கணக்குக்காக வெருட்டுகிற ரீச்சராகிவிட்டேன். ஆனாலும் அந்தச் சத்தம் கடந்து போகாமல் நின்றுவிட்டால் என் கண் முதலில் அலுமாரிக்குத்தான் போகும். அதன் மேல்தட்டில், சேலைகளுக்குப் பின்னால், ஒரு பழைய பிஸ்கற் தகரம் இருக்கிறது.

அதற்குள் எங்கள் வீட்டுக் கடதாசிகள். அண்ணையின் பிறப்புச் சான்றிதழ், அவருடைய சாதகக் குறிப்பு, சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு, அவர் பெயர் இல்லாத ஒரு குடும்ப அட்டை. அவற்றுக்கு அடியில் ஐந்து கடிதங்கள். ஆயுதப் போராட்டத்துக்குப் போய், இயக்கத்தின் பயிற்சி முகாமிலிருந்து அண்ணை எழுதியவை. ஐந்திலும் ஓட்டைகள். எலியோ கறையானோ தின்றதல்ல, நான் வெட்டியது.

இதிலும் நான் ஒருவருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள், பழக்கம்.

ஆமி, அரச இராணுவம், எங்கள் தீவுக்கு வந்து இறங்கியபோது நாங்கள் மடத்துவெளி வீட்டைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணப் பக்கம் ஓடினோம். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா, அண்ணை, நான், மூன்று பேர். தெரிந்தவர் ஒருவரின் வீட்டுப் பின்னறையில் இருந்தோம். அங்கிருந்துதான் ஒருநாள் காலை அண்ணை ரியூசனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கொப்பிகள் மேசையிலேயே கிடந்ததை நான்தான் கண்டேன். கண்டும் பின்னேரம் வரை அம்மாவுக்குச் சொல்லவில்லை. பயம்தான். என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் முக்கால்வாசி பயம் எடுத்துத் தந்தவை.

மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் கடிதம் வந்தது. யாரோ சைக்கிளில் கொண்டுவந்து தந்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அண்ணையின் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். அம்மாவால் அதை வாசிக்க முடியாது. நான் வாசிப்பேன், அம்மா குசினி வாசலில் இருந்து கேட்பார்.

விடிய நாலரைக்கு எழுப்புகிறார்கள், மரக்குற்றியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும், சாப்பாடு நல்லம் என்று எழுதியிருந்தார். அடுத்த வரியில், வாறவரிடம் கொஞ்சம் வறுத்த கச்சான் கடலை கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். சாப்பாடு நல்லமென்றால் கச்சான் எதற்கு என்று அம்மா அழுதார். இன்னொரு கடிதத்தில் ஒரு குளவிக் கூட்டின் கதை. முகாம் கிணற்றடிப் புளியமரத்தில் இருந்த கூட்டுக்கு ஒருவர் கல்லெறிய, அத்தனை பேரும் உடுப்போடு தண்ணீர்த் தொட்டிக்குள் பாய்ந்தார்களாம். முகம் வீங்கியவர்களுக்கும் அடுத்தநாள் ஓட்டத்தில் விடுப்புக் கிடைக்கவில்லையாம். அதே கடிதத்தில்தான், இங்கே எல்லோருக்கும் புதுப் பெயர், எனக்கு வைத்த பெயர் இது என்று ஒரு பெயர் எழுதியிருந்தார். நான் உரத்து வாசித்தேன்.

"நானும் கொப்பரும் வைச்ச பேருக்கு என்ன குறை?" என்று அம்மா கோபித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஐந்தாவது கடிதத்தின் கடைசியில் எனக்கென்று ஒரு வரி இருந்தது. "இரவில காட்டுக்குள்ள தனியக் காவல் நிக்கேக்க எனக்குச் சரியான பயம். அம்மாட்டச் சொல்லிப் போடாத." அந்த வரியை விழுங்கிவிட்டு, எல்லோரும் சுகம் என்று வாசித்து முடித்தேன். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

பிறகு பெரிய இடப்பெயர்வு. யாழ்ப்பாணமே ஒரே நாளில் வெளிக்கிட்டு, சில மாதங்களில் ஆமியின் கீழ் திரும்பி வந்தது. அண்ணை இயக்கத்தின் கையிலிருந்த வன்னியில், நாங்கள் இந்தப் பக்கம். தீவுக்குப் போகலாம் என்று அறிவித்தார்கள். புறப்படுவதற்கு முதல்நாள் மத்தியானம் அம்மா கத்தரிக்கோலை என் கையில் தந்தார்.

"எரிக்க எனக்கு மனம் வரேல்லை. ஆனா இது ஆர் எழுதினதெண்டு தெரியக் கூடாது. பேரை வெட்டு. ஊரை வெட்டு. அந்தப் புதுப் பேரை முதல் வெட்டு."

வெட்டினேன். அண்ணையின் பெயர், என் பெயர், ஊர், முகாம் இருந்த இடம், புதுப் பெயர். வெட்டிய துண்டுகளை அம்மா ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டார். அந்தச் சாட்டில், கேட்காமலே, பயம் என்று எழுதியிருந்த வரியையும் வெட்டி அடுப்பில் போட்டேன்.

"இதோட மறந்து போ. ஆர் கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு" என்றார் அம்மா.

மிச்சக் கடிதங்களை என் பள்ளிக்கூடக் கொப்பிகளின் மண்ணிறக் கடதாசி உறைகளுக்குள் வைத்து ஒட்டினோம். தீவுகளுக்குப் போகிற பண்ணைப் பாலத்தடியில் ஆமியின் சோதனை. என் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். ஒரு சிப்பாய், என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும், கணக்குக் கொப்பியைக் கையில் எடுத்தான். அவனுடைய பெருவிரல் உறையின் மேலே, கடிதத்தின் மேலே இருந்தது. இன்னொருவன் அம்மாவிடம் அரைகுறைத் தமிழில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டான்.

"ஒண்டு. இவ மட்டும்தான்" என்றார் அம்மா. குரல் கொஞ்சமும் தளம்பவில்லை.

கொப்பியை வைத்திருந்தவன் நான் பிழைவிட்ட கணக்கொன்றில் சிவப்புக் கோட்டைக் கண்டு சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான். எனக்கு நின்ற நிலையிலேயே சிறுநீர் போய்விட்டது. எங்கள் தீவுக்குள் இறங்குகிற வாணர் பாலம் தாண்டும்வரை ஈரப் பாவாடையோடுதான் வந்தேன்.

போர் முடிந்தபோது அண்ணை வரவில்லை. இறந்தார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. மாதத்தில் ஒருநாள், அண்ணையின் நட்சத்திரத்தன்று, அம்மா குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போய் அம்மனுக்கு அர்ச்சனை செய்வார். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அர்ச்சனை. ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்பார், அம்மா பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரைச் சொல்வார். ஐயர் வேறொன்றும் கேட்க மாட்டார். அந்த நல்ல மனதுக்கு நான் அவரை மனதுக்குள் கும்பிடுவேன்.

மற்றவர்கள் கேட்டார்கள். ஆமியின் தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வந்தவர்கள், விபரம் தேடித் திரிந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: இயக்கப் பெயர் என்ன? சொந்தப் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மறந்துவிட்டது என்று சொன்னேன். அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மேல் கோபம் என்று நினைத்தேன். பிள்ளையைத் தேடும் ஒரே வழியை நான் அடைத்து வைத்திருக்கிறேன் அல்லவா?

ஏனென்றால் எனக்கு அது மறக்கவில்லை. ஒருநாளும் மறக்கவில்லை.

முதலில் ஆமிக்குப் பயந்து மறைத்தேன். பிறகு பயம் ஆளை மாற்றிக்கொண்டது. காணாமல் போனவர்களின் குடும்பங்கள் பதில் கேட்டுப் போராட்டம் இருந்த கொட்டகையில் ஒரு தாயைக் கண்டேன். மகளின் இயக்கப் பெயரைச் சொல்லி இரண்டு நிமிடத்தில் தனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றார். அதற்குப் பிறகு தனக்கு நித்திரையும் இல்லை, பசியும் இல்லை, இனிக் கும்பிட ஒரு காரணமும் இல்லை என்றார். அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பெயரைச் சொன்னால் யாராவது ஒருவர் பதில் சொல்லிவிடுவார்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை காலை, மோட்டார் சைக்கிள் வந்து படலைக்கு முன்னால் நின்றது.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டரைத் திருத்த வந்தவராம். அங்கே கதை கொடுத்தபோது எங்கள் அண்ணையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

"பயப்பிடாதேங்கோ ரீச்சர். நானும் அந்தக் காலத்தில இயக்கத்தில இருந்தனான். உங்கட அண்ணையைத் தெரியுமோ எண்டு பாக்கத்தான் வந்தனான்."

பயப்பிடாதேங்கோ என்று சொல்பவர்களைக் கண்டால்தான் எனக்குக் கூடப் பயம். யார் அனுப்பிய ஆளோ? வாசலிலேயே வைத்து அனுப்பிவிட நினைத்தேன். அதற்குள் அம்மா உள்ளே கூப்பிட்டு, கதிரையைக் காட்டி, "இருங்கோ தம்பி" என்றார். அண்ணையின் பள்ளிக்கூடப் படத்தையும் எடுத்துக் கொடுத்தார்.

அவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முகம் பிடிபடேல்லை அம்மா. அங்க எங்கள் எல்லாருக்கும் மொட்டை."

அம்மா அலுமாரியைத் திறந்தார். நான் கண்ணால் மறித்தேன், அவர் பார்க்கவில்லை. தகரம் மேசைக்கு வந்தது. ஓட்டைக் கடிதங்களை வந்தவர் தொடவே பயந்ததுபோல எடுத்தார். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தவர் ஓரிடத்தில் நின்று, பெரிதாகச் சிரித்தார்.

"அந்தக் குளவிக் கூடு! ஐயோ, நானும் கொட்டு வாங்கினனான். அந்தத் தொட்டிக்குள்ள நானும் குதிச்சனான் அம்மா. நாங்கள் ஒரே முகாம், ஒரே அணி."

சிரிப்பு அடங்கியதும் கண் கலங்கியிருந்தது. இந்த மனிதர் பொய்யில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் தொடங்கியது.

"இயக்கப் பேரை மட்டும் சொல்லுங்கோ. அந்த அணியில எல்லாரையும் எனக்குத் தெரியும். ஆருக்கு என்ன நடந்ததெண்டும் தெரியும்."

மேசைக்கு அடியில் விரல்களைக் கோத்து இறுக்கினேன். முப்பது வருடமாக அம்மா காத்திருந்த ஆள் எங்கள் கதிரையில் இருக்கிறார். எண்பது வயதுத் தாயிடமிருந்து இனியும் இதை ஒளிப்பதென்றால் நான் என்ன பிறவி? சொல்லத்தான் போகிறேன் என்று வாயைத் திறந்தேன்.

அம்மா முந்திக்கொண்டார். ஒரு பெயரைச் சொன்னார். நல்ல பெயர்தான். ஆனால் அது அண்ணையின் பெயரில்லை.

வந்தவர் நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்தார். "இல்லையம்மா. அப்பிடி ஒரு பேரில எங்களோட ஒருத்தரும் இருக்கேல்லையே."

"அப்ப சரி தம்பி. தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப் போகுது."

படலையடியில் அவர் தன் தொலைபேசி இலக்கத்தை எனக்குத் தந்தார். "வயசு போனவ, பேரை மாறிச் சொல்லுறாவோ தெரியாது. உங்களுக்கு வேற ஏதும் ஞாபகம் இருக்கோ ரீச்சர்?"

"இல்லை அண்ணை" என்றேன்.

உள்ளே வந்தபோது அம்மா கடிதங்களை மடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பேரை மாறிச் சொல்லிப் போட்டியள்" என்றேன்.

"மாறிச் சொல்லேல்லை." தலையை நிமிர்த்தாமலே, அண்ணையின் இயக்கப் பெயரைத் தெளிவாக, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். அந்தப் பெயரை இன்னொரு வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான். "நீ வாசிச்சனி, நான் கேட்டனான். எனக்கு மறக்குமே? உனக்கும் மறக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"பிறகேன் அம்மா அவருக்குச் சொல்லேல்லை?"

"கேட்டால் அந்தத் தம்பி சொல்லிப் போடும் பிள்ளை."

எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. தகரத்தை மூடி அலுமாரியில் வைத்து, சேலைகளை முன்னுக்கு இழுத்துவிட்டுத் திரும்பினார்.

"அவரின்ர நம்பரை வைச்சிருக்கிறியோ?"

"ஓம்."

"துலைச்சுப் போடாத. நான் போனாப் பிறகு கேள்."

இப்போதும் அண்ணையின் நட்சத்திரத்துக்கு நாங்கள் நயினாதீவுக்குப் போகிறோம். வள்ளத்தில் கடல்காற்றுப் பட்டால் அம்மாவுக்கு இருமல் தொடங்கிவிடும். முதுகைத் தடவிவிடுவேன். அம்மா இருமும்போது இப்போது நான் இரண்டு பேருடைய உயிருக்குப் பயப்படுகிறேன்.