காலி என்று நான் சொன்ன துப்பாக்கி

இரண்டு துப்பாக்கிகளும் ஒரு கயிற்றுக் கட்டிலில், பழைய வேட்டி ஒன்றின்மேல் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்று இரட்டைக் குழல். எங்கள் பக்கத்துக் கரும்புக்காரர்கள் பன்றிக்கு வைத்திருப்பது. மற்றது குட்டையான ரைஃபிள். விசையைச் சுற்றி வளையமாக ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கும். அதற்கு லீவர் என்று பெயர். அதை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டா வெளியே துள்ளும், அடுத்தது உள்ளே ஏறும். கள்ளக்குறிச்சியில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட நினைத்திருந்தார். லைசென்ஸ் என் மாமா பெயரில் இருந்தது. மாமா என்றால் அக்காவின் கணவர். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வைத்திருந்தவர். துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது நான்.

நான் அப்போது சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். இரும்பு என்றால் என்னைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது என்று ஒரு மண்டைக்கனம். மாமாவுக்குக் கை பழகிய இரட்டைக் குழல்தான் பிடித்திருந்தது. நான் விடவில்லை. கல்வராயன் மலையில் மானை நாற்பது ஐம்பது அடிக்குமேல் பார்க்கவே முடியாது, அவ்வளவு புதர். நீளக் குழல் உண்ணிச்செடியில் மாட்டும், இது மாட்டாது என்றேன். இது கைத்துப்பாக்கித் தோட்டாவையே போட்டுச் சுடுகிற ரைஃபிள், அந்தத் தூரத்துக்கு அது தாராளம், தோளில் உதைக்கவும் உதைக்காது என்றேன். ரவை பட்ட மான் எங்கேயோ ஓடிப்போய்ச் சாகும், குண்டு பட்டது அங்கேயே விழும் என்று தர்மம்கூடப் பேசினேன். மானைச் சுடுவது சட்டப்படி குற்றம் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எல்லோரும் போனார்கள் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஆசைப்பட்டோம், போனோம்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஊருக்கு ஊர் மரங்கள் சாலையில் விழுந்து கிடந்தன. பஸ் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. ஒப்படைத்தால் எப்போது கைக்கு வருமோ, அதற்குள் ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிடலாம் என்று அவசரப்படுத்தியவனும் நான்தான். மாமா தயங்கினார். ஒன்பது வருஷம் கழித்து அக்கா அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். பெண்டாட்டி அப்படி இருக்கும்போது புருஷன் ஒரு உயிரையும் கொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பாம்பைக்கூட அடிக்கச் சொல்ல மாட்டார்கள். அதனால் மாமா ஒரு வழி சொன்னார். அவர் கூட வருவார், துப்பாக்கியைத் தொட மாட்டார். சுடுவது நான்.

விடியற்காலையில் ஜீப்பில் வெள்ளிமலைக்கு ஏறினோம். ஓட்டியது நான். வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரு ஓடைக்கரையில் புள்ளிமான் ஒன்று தலை நிமிர்த்தி நின்றது. இரண்டு முறை சுட்டேன். இரண்டும் தப்பு. மான் போன திசையில் புதர்கூட அசையவில்லை. அந்தச் சத்தம் அடங்குமுன் மேலே எங்கோ ஆட்கள் குரல் கொடுத்தார்கள். வனக்காவலர்கள்தான் என்று நினைத்துவிட்டேன். லீவரை மடமடவென்று தள்ளித் தள்ளித் தோட்டாக்களைக் கீழே உதிர்த்துப் பொறுக்கிப் பையில் போட்டேன். குனிந்து பார்த்தேன், தோட்டா ஏறி நிற்கும் அறை வெறுமையாக இருந்தது. இரட்டைக் குழலை மடித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். குழலுக்கு அடியில் ஓடும் இன்னொரு குழாயில்தான் இதற்குத் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும். அதன் சுருள்வில் துருவேறி, கடைசித் தோட்டாவை மேலே தள்ளாமல் சிக்கிக் கிடந்திருக்கிறது. ஆறு போட்டேன், இரண்டு சுட்டேன், எத்தனை பொறுக்கினேன் என்று எண்ணிப் பார்த்திருந்தால் போதும். எண்ணவில்லை. ஃபிட்டராம், ஃபிட்டர்!

"காலிதானே?" என்றார் மாமா.

"காலி மாமா" என்றேன்.

அடிவாரத்துக்கு வந்தபோது, காலையில் திறந்திருந்த சாலையில் பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. ஐம்பது அறுபது பேர். அவர்கள் கேட்டது வேலையும் படிப்பும். ஆனால் நாங்கள் அவர்கள் சாதி இல்லை, எங்கள் காலடியில் சாக்கில் சுற்றிய துப்பாக்கி இருந்தது. அவர்கள் சாக்கைப் பிரித்தவுடனே சத்தம் நின்றுவிட்டது. ஒருவர் ஜீப் சாவியை உருவிக்கொண்டார். மாமாவுக்கு உயிர் வந்ததுபோல ஆனது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஸ்திரி வந்தபோதுதான். அந்த அடிவார ஊர்க்காரர்தான் அவர். வருஷா வருஷம் ஆள் சேர்த்துக்கொண்டு வந்து மாமாவின் கரும்பை வெட்டுபவர். எங்கள் வீட்டில் கை நனைத்தவர்.

"யாரைச் சுட எடுத்துக்கினு வந்தீங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

மாமா பதறிப்போனார். காலி, வெறும் காலி என்று சொல்லிக்கொண்டே துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்தார். அவர் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். குழல் வெளியே, மேஸ்திரியின் வயிற்றுக்கு நேராக நீண்டது. அதை அவர் கவனிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் துப்பாக்கி காலி என்று காட்ட ஒரு முறை உண்டு: திறந்து காட்டுவார்கள், மூடுவார்கள், பிறகு விசையை ஒரு தட்டுத் தட்டி வெறும் சத்தத்தைக் கேட்க வைப்பார்கள். மாமா முகத்தைக் கூட்டத்தின் பக்கம் வைத்துக்கொண்டே லீவரைத் தள்ளி இழுத்தார். மஞ்சளாக ஒன்று அறைக்குள் ஏறியதை நான் பார்த்தேன். மலைச்சாலையில் குலுங்கி வந்ததில் அந்தத் துரு விட்டுக்கொடுத்திருக்கிறது.

கத்த நேரமில்லை. இடது கைக் கட்டைவிரலை, தோட்டாவை அடிக்க ஓங்கி நின்ற சுத்திக்கு முன்னால் திணித்தேன். அதே நொடியில் அவர் விசையை அழுத்தினார். சுத்தி என் விரலில் விழுந்தது. நகம் இரண்டாகப் பிளந்தது. நான் வலியில் துப்பாக்கியைப் பிடுங்கி மேல்நோக்கித் திருப்பி லீவரைத் தள்ள, தோட்டா துள்ளிப்போய் மேஸ்திரியின் காலருகே விழுந்தது.

அடுத்து என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அரிவாள் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். எல்லோரும் மாமாவையே பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். நான் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எம்மேலதான் தப்பு" என்றார் மாமா. "நாந்தான் கழட்டல. மறந்துட்டேன்."

மேஸ்திரி குனிந்து தோட்டாவை எடுத்து மாமாவின் மடியில் போட்டார். "காலின்னீங்களே" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, சாவியைக் கொடுத்து மரத்துக்குப் பக்கவாட்டில் வழி விடச் சொன்னார். "போங்க. உங்க வூட்டுச் சோறு துன்னதுக்கு இதான். இனிமே நம்மளுக்குள்ள ஒண்ணும் வாணாம்."

வழியில் மாமா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. விரலைப் பற்றி மட்டும் கேட்டார். ஜீப் கதவில் நசுங்கியது என்று அக்காவிடம் சொல்லச் சொன்னார். மறுநாளே துப்பாக்கியை ஸ்டேஷனில் வைத்துவிட்டு வந்தார்; திருப்பி வாங்கப் போகவில்லை. ஊரில் கதை வேறாகப் பரவியது. மறியலில் இருந்தவர்களைச் சுடக் குண்டு போட்டுக்கொண்டே போனவர் என்று மாமாவுக்குப் பெயர் வந்தது. நான் உண்மையைச் சொல்லலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். மானைச் சுடப் போனது தெரிந்தால் ஆலையில் வேலை போகும் என்ற பயம் ஒவ்வொரு வாரமும் என் வாயை அடைத்தது. கோழை என்று வேறு யாரைச் சொல்வது? அந்த வருஷம் மாமாவின் கரும்பை வெட்ட ஒரு ஆளும் வரவில்லை. கரும்பு முழுவதும் முற்றிப் பூவெடுத்து வீணாக நின்றது. அக்காவுக்குப் பெண் பிறந்தது. அதற்குப் பெயர் வைத்த அன்று ஆலைக்கு ஊரார் கரும்பை ஏற்றிப் போகும் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாமா வீட்டுக்குள் போய்விட்டார். பிறகு அவர் கரும்பே வைக்கவில்லை.

மாமா போன தை மாதம் தவறிவிட்டார். துக்கத்துக்கு வந்தவர்களில் மேஸ்திரியும் இருந்தார். தடி ஊன்றி, பேரன் பைக்கில் வந்திருந்தார். பந்தலின் ஓரத்தில் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சுட்டது நான், கழற்றியது நான், காலி என்று சொன்னது நான். இத்தனை வருஷம் வராத வார்த்தை அன்று நிற்காமல் வந்தது. அவர் என் கையைப் பிடித்து, கோணலாக வளர்ந்த அந்த நகத்தைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார்.

"நீங்க வெரல வெக்கலன்னா நான் இல்லீங்க. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல" என்றார். "ஆனா அவரு எதிர்ல வந்தா, இத்தினி வருசமா நான் வேற வழியா பூட்டேனுங்க. ரெண்டு மூணு வாட்டி அவரே நின்னு பேச வந்தாரு. அப்பவும் பூட்டேன். அத இப்ப இன்னா பண்றது, சொல்லுங்க?"