கல்தொட்டிக்கு ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர்

எதையும் டிகிரியில் சொல்லாவிட்டால் வேதமுத்துவுக்குத் தூக்கம் வராது. செம்பூரில் ஒரு சாயப் பட்டறையில், கொதிக்கும் தொட்டிக்குள் தெர்மாமீட்டரை விட்டு, பாதரசம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கத்திச் சொல்வது அவன் வேலை. அதோடு விட்டானா? தாராவி வீட்டில் டீயை வாயில் வைக்குமுன் "எழுவது இருக்கும்" என்பான். வெயிலில் வந்த விருந்தாளிக்கு முதலில் டிகிரியைச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் கொடுப்பான். டிகிரியும் சூடும் வேறு வேறு என்று யாராவது சொல்லியிருந்தால் அவரைப் பரிதாபமாகப் பார்த்திருப்பான்.

1964 ஜனவரியில் மகளுக்கு ஞானஸ்நானம் வைத்தார்கள். தவமிருந்து பெற்ற பிள்ளை. மார்ச்சளி வந்து அப்போதுதான் தேறியிருந்தது. கோயில் கல்தொட்டியில் முதல் நாளே தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். காலையில் சில்லென்று கிடக்கும். அவன் மனைவி லூசியம்மாள் ஒரே பிடியாக நின்றாள்.

"பச்சத் தண்ணிய பிள்ள தலையில ஊத்த விடமாட்டேன். வெதுவெதுன்னு இருந்தா பிள்ளையத் தருவேன். இல்லன்னா அப்படியே தூக்கிட்டு வந்திருவேன், பாத்துக்கிடுங்க."

சொன்னால் செய்கிறவள். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவள் பிள்ளையோடு வெளியே நடந்தால் அப்புறம் தாராவியில் தலைகாட்ட முடியுமா?

"ஏளா, நான் எதுக்கு இருக்கேன்? ஏக்தம் பக்காவாச் செஞ்சிருதேன்."

அடுத்த வீட்டு நஸீராவிடம் சின்ன ஃபிளாஸ்க் ஒன்றை இரவல் வாங்கி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் நிரப்பிக்கொண்டான். பட்டறைத் தெர்மாமீட்டரும் சட்டைப்பையில் வந்தது. ஆராதனை தொடங்குமுன் ஃபிளாஸ்க்குக்குள் விட்டுப் பார்த்தான்.

"தொண்ணூறு! பிள்ளைக்குச் சுட்டுரக் கூடாதேன்னுதான் யோசிக்கேன்" என்று கவலை வேறு பட்டான்.

தொட்டியில் ஊற்றினான். கலக்கினான். பத்தொன்பதில் இருந்த பாதரசம் இருபதுக்கு வந்து படுத்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான், அதே இருபது. தொட்டி எங்கேனும் ஒழுகுகிறதா என்று குனிந்துகூடப் பார்த்தான், பாவம்.

எதுவும் ஒழுகவில்லை. ஃபிளாஸ்க்கில் இருந்த சூடு அத்தனையும் தொட்டிக்குள்தான் இருந்தது. ஒரு தட்டுச் சோற்றை ஊர்ப் பந்திக்குப் பரிமாறியது போல, ஆளுக்கொரு பருக்கை கிடைத்தது, அவ்வளவுதான். ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தெர்மாமீட்டர் சொல்லும். அந்தச் சூடு எத்தனை பேருக்குக் காணும் என்று சொல்லாது.

லூசியம்மாள் விரலை விட்டுப் பார்த்தாள். "இதுதான் ஒங்க தொண்ணூறா?"

வேதமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் அவர்கள் முறையும் வந்துவிட்டது. தொட்டி அருகே வந்தவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போதகர் தனசீலன் உள்ளங்கை நிறையத் தண்ணீரை அள்ளிக்கொண்டு, கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். பிள்ளைக்காக ஜெபித்தார், பெற்றோருக்காக, சபைக்காக, பம்பாய்க்காக, மழைக்காக. அவர் கண்ணை மூடினால் சபையில் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பது வழக்கம்.

லூசியம்மாள் மெல்ல அவர் உள்ளங்கையில் விரல்நுனியை வைத்தாள். சில்லிப்பு பாதி போயிருந்தது. ஒரு கைத் தண்ணீருக்கு ஒரு மனுஷனின் உடம்புச் சூடே போதுமாக இருந்தது. ஆனால் போதகர் ஆமென் பக்கம் வந்துவிட்டார். 'இன்னும் கொஞ்சம்' என்று அவள் புருஷனுக்குக் கண்ணைக் காட்டினாள்.

"ஐயா," என்றான் வேதமுத்து, "எங்க பட்டறை ஆளுகளுக்காகவும் ஜெபிங்கய்யா."

இத்தனை வருஷ ஊழியத்தில் அவரிடம் யாரும் ஜெபத்தை நீட்டச் சொன்னதில்லை. மகிழ்ந்துபோய், செம்பூரில் தொடங்கி பட்டறை பட்டறையாக ஜெபித்தார். சபை நெளிந்தது. லூசியம்மாள் மறுபடியும் விரலை வைத்துப் பார்த்தாள். பிள்ளையை அவருடைய மறு கையில் கொடுத்தாள்.