ஆற்றுமணல் எந்தப் பக்கம்?

இந்தியாவின் இயற்கை வளங்கள் என்ற பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். நெய்வேலியில் நிலக்கரி, ஜார்க்கண்டில் இரும்பு, கோலாரில் தங்கம் என்று பிள்ளைகள் ஒரே ராகத்தில் ஒப்பிப்பார்கள். கோலாரில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்று சொன்னால்கூட ராகம் நிற்காது. அந்த வருஷம்தான் எனக்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது.

"சரி, நம்ம ஊர்ல என்ன இருக்கு?"

ஐந்தாம் வகுப்பு முன்வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து, "நம்ம ஊர்ல ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. சீவலப்பேரிப் பக்கத்து ஊர் அது. பள்ளிக்கூட வாசலில் நின்றால் தாமிரபரணி தெரியும். திரும்பி நின்றால் வயல். தச்சநல்லூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வருகிற எனக்கே கண்ணுக்குத் தெரிகிறதே, இங்கேயே பிறந்தவள் ஒன்றுமில்லை என்கிறாளே! கோபம் அவள்மேல் இல்லை. வருஷக்கணக்காக நெய்வேலியையே காட்டிக்கொண்டிருந்த என்மேல்தான்.

ஆளுக்கொரு தீப்பெட்டியில் ஊர்ப் பொருள் ஒன்று கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் நெல் வந்தது, கரிசல் மண் வந்தது, சுண்ணாம்புக்கல் வந்தது. ஒருவன் வெறும் பெட்டியை நீட்டி, "காத்து டீச்சர், இதுலதான் கரண்டு எடுக்காங்க" என்றான். அவனைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒன்றுமில்லை என்று சொன்னவள் ஆற்றுமணல் கொண்டுவந்திருந்தாள்.

பெரிய அட்டையின் நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் 'எடுத்தாலும் திரும்ப வரும்'. வலப்பக்கம் 'எடுத்தால் தீர்ந்துபோகும்'. எந்தப் பெட்டி எங்கே என்று பிள்ளைகள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும், நான் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம். மணலை இடப்பக்கம் வைத்தார்கள். வெள்ளம் வந்தால் மணலும் வருமாம். கொண்டுவந்தவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"போன மழைக்கு வெள்ளம் வந்துச்சுல்லா? மணல் வந்துச்சாலே? எங்கம்மா துணி தொவைக்க எடத்துல வெறும் பாறையும் களியும்தான் கெடக்கு."

சண்டை ஓயாததால் எல்லாரையும் வரிசையாக ஆற்றுக்கே கூட்டிப்போனேன். பார்த்தார்கள். லாரி இறங்கிய தடத்தையும் பார்த்தார்கள். திரும்பி வந்ததும் அவர்களே பெட்டியை வலப்பக்கம் மாற்றிப் பசை போட்டு ஒட்டினார்கள்.

அடுத்த வாரம் பள்ளிக் கண்காட்சி. சிறப்பு விருந்தினர் ஊர்ப் பெரிய மனிதர். எங்கள் வகுப்பு மின்விசிறிகள் அவர் வாங்கிக் கொடுத்தவை. ஆற்றில் இறங்குகிற லாரிகளும் அவருடையவைதான். முதலாவதை எல்லாரும் சொல்வார்கள், இரண்டாவதை யாரும் சொல்ல மாட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் தலைமையாசிரியர் அட்டையைப் பார்த்து அரண்டுபோனார்.

"டீச்சர், அந்த மணல் பெட்டிய மட்டும் இங்கிட்டு மாத்தி ஒட்டிருங்க. நாளைக்கு அண்ணாச்சி வாராங்க."

"பிள்ளைங்க முடிவு பண்ணுனது சார்."

"பைய பேசுங்க. ஒரு தீப்பெட்டிக்கா இம்புட்டு வம்பு?"

"அப்பம் மாத்தச் சொல்லி எழுத்துல குடுங்க சார். மாத்திருதேன்."

எழுத்தில் கேட்டால் எங்கள் துறையில் எப்பேர்ப்பட்ட பேச்சும் நின்றுவிடும். அவர் பேச்சும் நின்றது. எனக்குள் ஒரே கொண்டாட்டம். கதவு வரை போனவர் திரும்பினார்.

"ஒங்களுக்கு என்ன, மிஞ்சிப்போனா மாறுதல்ல திசையன்வெளைப் பக்கம் தூக்கிப் போடுவாங்க. மணல் கொண்டாந்த பிள்ளைக்க அப்பன் யார் லாரிய ஓட்டுதான்னு தெரியுமா?"

தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை. வீறாப்பு என்னுடையது, அடி விழப்போவது அவள் வீட்டில்.

காலையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "நீ இன்னைக்கு அட்டைகிட்ட நிக்காண்டாம். கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

"எங்கப்பா அவங்க லாரிய ஓட்டுதாங்கன்னா சொல்லுதிய? எனக்குத் தெரியும் டீச்சர். நாந்தான கொண்டாந்தேன், நாந்தான் நிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய் நின்றுகொண்டாள்.

பெரிய மனிதர் வந்தார். நெல்லைப் பார்த்தார், வெறும் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். மணல் பெட்டிமேல் விரலை வைத்தார்.

"ஏட்டி, இத ஏன் இந்தப் பக்கம் வச்சிருக்கிய? மழை பெஞ்சா வந்துரும்லா?"

நான் வாயெடுப்பதற்குள் அவள் சொன்னாள்: "வந்தா, அன்னைக்கே எடுத்து அந்தப் பக்கம் ஒட்டிருவோம்."

அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நானும் கண்ணைத் தாழ்த்தவில்லை. தலைமையாசிரியர் கொண்டுவந்த காபியைத் தொடாமலே அவர் கிளம்பிப் போனார்.

திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் அவளுடைய அப்பா வகுப்பு வாசலில் நின்றார். வேலை நாளில் அவர் அங்கே நிற்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"லாரிச் சாவிய வாங்கிட்டாங்க டீச்சர்."

"தப்பு என்மேலதான். நான் வேணும்னா அவர்கிட்ட வந்து..."

"ஒண்ணும் வராண்டாம். பிள்ளைய கூட்டிட்டு வந்து மன்னிப்புக் கேளுன்னு ஆள் விட்டாங்க. மாட்டேன்னுட்டேன்." வகுப்புக்குள் எட்டி, சுவரில் இருந்த அட்டையைத் தேடிப் பார்த்தார். "அதக் கிழிச்சிராதிய, அதச் சொல்லத்தான் வந்தேன். இத்தன வருசமா அள்ளுனவன் நான். திரும்ப வருதா வரலயான்னு எனக்குத் தெரியாதா?"