மாஸ்டரின் துண்டு

கல்லிலிருந்து எடுத்த டார்ட்டியா என்கிற மெல்லிய மைதா ரொட்டியைச் சூடு ஆறும் முன் ஒரு துணிக்குள் பொதிந்து வைக்க வேண்டும். அப்போதுதான் தன் ஆவியிலேயே பதமாகி, சிக்கனை வைத்துச் சுருட்டும்போது விரிசல் விடாமல் வளையும். அதற்கென்றே எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைத் துணி இருக்கிறது. வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். மனைவிகூட அதைத் தொடக் கூடாது என்பது என் சட்டம். ஞாயிற்றுக்கிழமை மகள் சிக்கன் ராப் கேட்கும்போதெல்லாம் அந்தத் துணியை விரிப்பேன். விரித்ததும் எனக்குக் குமட்டும். துணி என்ன செய்யும் பாவம், நினைவுக்கு வருவது மாஸ்டரின் துண்டு.

ஏற்காட்டில் நான் வேலை பார்த்த ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் அவர். சேலத்துக்காரர். ராப் சுருட்டுவதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. ஆனால் தோளில் ஒரு துண்டு கிடக்கும். ஒரு காலத்தில் அது நீல நிறமாம்; நான் பார்த்ததெல்லாம் பிசுபிசுத்த கறுப்பு. கழுத்து வியர்வையை அதில்தான் துடைப்பார். தும்மினால் மூக்கும் அதில்தான். கோழி வெட்டிய பலகையில் வழியும் நீரையும் அதில்தான் ஒற்றி எடுப்பார். பிறகு அதே துண்டை உதறி, ஆவி பறக்கும் ரொட்டிகளைக் குழந்தையைப் போர்த்துவது போலப் போர்த்துவார். ரொட்டியின் ஆவி பட்டதும் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பும் பாருங்கள், நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்வோம்.

வெங்காயம் நறுக்கும், தலைச்சோலை ஊர்க்கார அக்கா ஒருநாள் கேட்டே விட்டார்.

“ஏனுங்க மாஸ்டர், அந்தத் துண்டைத் தொவச்சாத்தான் என்னுங்க?”

“தொவச்சா பதம் போயிருமுங்க. இது நொம்ப நாளா பழகுன துண்டு.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தன் ராப்பின் மென்மை அந்தத் துண்டில்தான் இருக்கிறது என்று மனதார நம்பினார். நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தோம். எங்களில் ஒருவரும் ராப்பை வாயில் வைத்ததில்லை. அதே கையால், அதே முகத்தோடு, விருந்தினர் மேசைக்கு மட்டும் தட்டுத் தட்டாக அனுப்பிக்கொண்டிருந்தோம்.

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். சாப்பிட வந்த ஒரு பெண் ஒரு கையில் ராப்பும் மறு கையில் தன் சின்ன மகனுமாகச் சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். பையனுக்கு நான்கு நாள் காய்ச்சலாம். காய்ச்சல் விட்டு எழுந்ததிலிருந்து இந்த ராப்பைத் தவிர வேறெதுவும் இறங்கவில்லையாம்.

“நான் வீட்ல பண்ணினா அப்பளம் மாதிரி ஒடையுது. நீங்க எப்படி இவ்வளவு மெத்துனு பண்றீங்க?”

மாஸ்டர் பெருமையோடு என்னைப் பார்த்தார், நீயே சொல் என்பது போல. துண்டு அவர் தோளில் கிடந்தது.

“ஆவியில வெக்கறோமுங்க,” என்றேன்.

அந்தப் பெண் மகிழ்ந்துபோய், கையிலிருந்த ராப்பைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினார். “இவ்ளோ நல்லா பண்றீங்க, நீங்களும் சாப்பிடுங்க.”

கோயிலில் கட்டிய மஞ்சள் கயிறு இன்னும் என் மணிக்கட்டில் இருந்தது. அதைக் காட்டி, “சேர்வராயனுக்கு விரதமுங்க,” என்றேன். விரதமாவது ஒன்றாவது! திருவிழா முடிந்த மறுநாளே எங்கள் ஊரான கொட்டச்சேட்டில், வீட்டில் கோழிக் குழம்பு கொதித்துவிட்டது. அவரோ என் கயிற்றைப் பார்த்துக் கைகூப்பினார். நான் வேண்டாம் என்ற பாதியை மகன் வாங்கி, கண்ணை மூடி ரசித்துத் தின்றான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தப் பையனுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகியிருக்காது என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாஸ்டருக்காவது துண்டின் மேல் நம்பிக்கை இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. எல்லாம் தெரிந்தே கொடுத்தேன், சாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். இப்போதெல்லாம் மாஸ்டரைவிட என்னை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது.

போன ஞாயிறும் ராப் செய்தேன். கோழி அன்று காலையில் வாங்கியது. கையை மூன்று தடவை கழுவினேன். ரொட்டிகள் வெள்ளைத் துணிக்குள் பூப்போல இருந்தன. மகள் முதல் ராப்பைப் பிய்த்து, பாதியை என் வாயருகே நீட்டினாள்.

“நீயும் சாப்புடுப்பா.”

“விரதம் கண்ணு.”

அவள் கையை மடக்கவில்லை. “ராப் பண்ற அன்னிக்கு மட்டும் உனக்கு என்னப்பா விரதம்?” என்றாள்.

நான் துணியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் துவைத்தேன்.